கமுந்திங் பஸ் நின்ற இடம்

எங்கள் சீனி மச்சானுக்கு ஒரு பழக்கம். கல்யாண விருந்தில் ஒரு குறிப்பிட்ட பாட்டு ஆரம்பித்ததும் காரைப் பார்க்கப் போய்விடுவார். "காரப் பார்த்துட்டு வாரேன்" என்று எழுந்தால், அந்தப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் பாதி ஓடிய பிறகுதான் திரும்புவார். அதற்குள் தட்டில் பிரியாணி ஆறிப் போயிருக்கும். அவரிடம் வெறும் மோட்டார் சைக்கிள் இருந்த காலத்திலும் காரைத்தான் பார்க்கப் போனார். முப்பது வருஷமாக நான் இதைக் கேலி செய்து வந்தேன். என் அக்கா காளியம்மாவின் புருஷன், கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. எத்தனை கேலி செய்தாலும் அவர் பதில் சொல்ல மாட்டார், அது இன்னும் வசதி.

அந்தப் பாட்டு 'கமுந்திங் பஸ்ஸு'. மலேசியாவில், பேராக்கில் பிறந்த தமிழனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கமுந்திங் அங்கே ஒரு ஊர். எண்பதாம் வருஷம் ஈப்போவில் 'கிந்தா சிக்ஸ்' என்ற ஆறு பேர் குழு கேசட்டில் பதிவு செய்த பாட்டு. ஃபங்க் என்பார்கள். மூளைக்குப் புரிவதற்கு முன்னால் இடுப்புக்குப் புரிந்துவிடும் இசை. அடியில் பேஸ் கித்தார் தும்தும் என்று ஓடிக்கொண்டே இருக்க, "கமுந்திங் பஸ்ஸு போயிருச்சு, எம் மனசையும் ஏத்திக்கிருச்சு" என்று ஒருவர் உருகுவார். வரிகளில் பெரிய கவித்துவம் கிடையாது. ஆனால் மூன்றாவது தடவை "போயிருச்சு" என்று அவர் இழுக்கும்போது எல்லாம் சட்டென்று நின்றுவிடும். கித்தார், டிரம், ஆர்கன், குரல், எதுவும் இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரத்துக்கு முழு அமைதி. பிறகு பேஸ் கித்தார் தொம் என்று விழும், மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே ஓடி வரும்.

அந்த இரண்டு எண்ணிக்கைக்குத்தான் ஜனங்கள் பைத்தியம். எந்த விருந்தாக இருந்தாலும் அந்த இடத்தில் மொத்தக் கூட்டமும் இரண்டு கையையும் தூக்கியபடி சிலையாக நிற்கும். உறுமி மேளக்காரர்கள் அந்த இடைவெளியை எடுத்துக்கொண்டு கோயில் ஊர்வலத்தில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், சாயங்காலம் உடற்பயிற்சி செய்கிற பெண்கள், மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோரும், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அந்த இரண்டு எண்ணிக்கைக்கு நிற்கிறார்கள். பாஷை புரியாவிட்டாலும் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிகிறது. பஸ் பிரேக் போட்டு நிற்பதைத்தான் இசையில் அப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று வானொலியில் ஒரு அறிவிப்பாளர் வருஷா வருஷம் புல்லரித்துப் பேசுவார். நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மச்சானுக்கு இப்போது அறுபத்தாறு வயது. ஈப்போவில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு ஜாகா, அதாவது வாசல் காவல். அதற்கு முன் ஓடு செய்கிற ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அதற்கும் முன், தோட்டத்தைக் கம்பெனி விற்றுச் செம்பனை நடும்வரை, பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவினார். அதிகம் பேசமாட்டார். தோட்டம் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆனாலும் உடம்பு இன்னும் பெரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்புகிறது. விடிவதற்கு முன்பே எழுந்து, அக்கா வேலைக்கு எடுத்துப் போகிற ஃபிளாஸ்கில் காப்பி ஊற்றி, மூடியைத் துடைத்து வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. எனக்கு இப்படியொரு புருஷன் வாய்த்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு குடித்தனம் நடத்தியிருப்பேன். அக்கா வாயை மூடியதில்லை, அது வேறு விஷயம்.

அவர் ஒரு காலத்தில் கித்தார் வாசித்தார் என்று எங்களுக்குத் தெரியும். எங்கே, யாரோடு என்று கேட்டால், "அதெல்லாம் சின்ன வயசுலா" என்று முடித்துவிடுவார்.

போன வருஷம் அவருடைய ஒரே மகள் சாந்தினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தீபன், கமுந்திங்கில் ஒரு ஆலையில் இன்ஜினியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து விருந்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். தாய்மாமன் என்ற முறையில் நானும் இருந்தேன். நெத்திலிச் சம்பலும் இருந்தது.

"அப்பா, நான் மண்டபத்துக்குள்ள உங்க கையப் பிடிச்சிக்கிட்டுத்தான் நடந்து வரப்போறேன்" என்றாள் சாந்தினி. "கமுந்திங் பஸ்தான் போடச் சொல்லியிருக்கேன். மாப்பிள்ளையும் கமுந்திங், பாருங்களேன். நான் நடந்து பார்த்துட்டேம்ப்பா. வாசல்லேர்ந்து கிளம்பினா நடு மண்டபத்துல சரியா அந்த இடம் வரும். எல்லாரும் கையத் தூக்கி நிப்பாங்க, நாம ரெண்டு பேரும் நிப்போம். அப்புறம் சேர்ந்து நடப்போம்."

மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "வேற எது வேணும்னாலும் போடும்மா. அது வேணாம்."

மகள் கேட்டு அவர் வேண்டாம் என்று சொன்னதை நான் பார்த்ததே இல்லை. சாந்தினியும் பார்த்ததில்லை போலிருக்கிறது. அவள் கண் கலங்கிவிட்டது. ஆறு வயதிலிருந்து எல்லாக் கல்யாணத்திலும் அந்த இடம் வரும்போது திரும்பிப் பார்ப்பாளாம். எல்லோருடைய அப்பாவும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அவளுடைய அப்பாவின் நாற்காலி மட்டும் காலியாக இருக்கும். "என் கல்யாணத்துலயாவது நீங்க எங்கூட நிக்கணும்ப்பா" என்றாள்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னிக்குச் சொல்லிடுங்க. யாரு அவ?"

"யாரு?"

"கமுந்திங்காரி. முப்பத்தெட்டு வருசமா ரேடியோவுல இந்தப் பாட்டு வந்தா எந்திரிச்சுப் போறீங்க. எனக்குத் தெரியாதா? பஸ்ஸுல ஏறிப் போனவ யாருன்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மச்சான் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார், சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

அந்தப் பாட்டில் பேஸ் கித்தார் வாசித்தது அவர்தான். தோட்டத்துத் திருவிழாவில் அவர் வாசித்ததைக் கேட்டு, கிந்தா சிக்ஸை நடத்திய தேனப்பன் அழைத்துப் போனார். தேனப்பன் ஈப்போ டவுன்காரர், செட்டியார் வீட்டுப் பிள்ளை. பாட்டு எழுதுவார், ஆர்கன் வாசிப்பார். மச்சானுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, பதினான்கிலிருந்து மரம் சீவிய கை. ஒரு கடைவீட்டு மாடியில் பதிவு. நாளெல்லாம் வாசித்து, கடைசி டேப்பில் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, பின்பக்கத்து இரும்புக் கடையில் சாப்பாட்டுக்கு மணி அடித்தார்கள். மணி என்றால் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. ஒரே ஒரு தட்டு, பாட்டுச் சத்தத்தில் டேப்பில் அது பதியக்கூட இல்லை.

தோட்டத்திலும் அதே தண்டவாளத் துண்டுதான். சீவியது போதும், பாலைச் சேகரிக்கப் போங்கள் என்று அதைத் தட்டுவார்கள். சத்தம் கேட்டால் கத்தி மரத்தில் இருக்கக் கூடாது. பாதிச் சீவலில் இருந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும். எட்டு வருஷம் எடுத்த கை அன்றைக்கும் எடுத்துவிட்டது. பேஸ் நின்றதும் டிரம்காரர் என்னவோ ஏதோ என்று நின்றார், பாடியவர் நின்றார், எல்லோரும் நின்றார்கள். தான் தோப்பில் இல்லை, மாடியில் இருக்கிறோம் என்று மச்சானுக்கு நினைவு வந்தது. பதறிப்போய்க் கம்பியின் மேல் கையைப் போட்டார். தொம்.

டேப் தீர்ந்துவிட்டது. திரும்ப எடுக்க வழியில்லை. தேனப்பன் எல்லோர் முன்னாலும் சொன்னாராம்: "தோட்டத்துக் கை. மணி அடிச்சா நின்னுடும். இத வச்சிக்கிட்டு நான் எங்க போறது?"

"கித்தார அங்கேயே சாத்தி வச்சிட்டு பஸ் ஏறிட்டேன்" என்றார் மச்சான். "அப்புறம் தொடல. ஆனா அந்தத் தப்ப அப்படியே விட்டுட்டாங்க. ஊரே அந்த இடத்துல நின்னு சிரிக்குது. எனக்கு மண்டபத்துல உக்கார முடியலம்மா. எல்லாரும் என்னைப் பார்த்துக் கையத் தூக்கற மாதிரி இருக்கும்."

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாந்தினி எழுந்து போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வேணாம்ப்பா. வேற பாட்டு வச்சிக்கலாம்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பிள்ளை இருபத்து நாலு வருஷமாக ஆசைப்பட்டது ஒரு நிமிஷத்தில் போய்விட்டது.

நான் கோபக்காரன். கோபத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரத் தெரியாதவன். ஈப்போவில் பிழையில்லாமல் தமிழ்க் கல்யாணக் கார்டு அடிக்கிறவர் தேனப்பன்தான். அந்தத் தேனப்பன்தான் இந்தத் தேனப்பன் என்று மச்சான் சொல்லி அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கார்டு அடிக்கும் வேலை ஏற்கெனவே என் தலையில் விழுந்திருந்தது. மறுநாளே அச்சகத்துக்குப் போனேன். சண்டை போடுவதற்கென்றே போனேன்.

எழுபத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. நான் கொடுத்த தாளைச் சிவப்புப் பேனாவோடு படித்துக்கொண்டே வந்தவர், "பத்து காஜா சின்னையா மகன் சீனி" என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டார்.

"கித்தார் வாசிப்பாரா?" என்று கேட்டார்.

"வாசிச்சாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க, விட்டுட்டாரு" என்றேன். இன்னும் பத்துப் பன்னிரண்டு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டு நாள் கழிச்சு டேப்பப் போட்டுக் கேட்டேன் தம்பி. அது தப்பு இல்லேன்னு அப்பவே தெரிஞ்சிருச்சு. தோட்டத்துக்குப் போயி கூப்பிட்டிருக்கணும். போகல. கவுரவம்." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அடுத்த பாட்டுக்கெல்லாம் அதே மாதிரி ஒரு இடம் வைக்கலாம்னு பார்த்தேன். பதினோரு பேர வாசிக்க வச்சேன். சிங்கப்பூர்லேர்ந்துகூட ஒருத்தர் வந்தாரு. ரெண்டு எண்ணிட்டு உள்ள வாங்கன்னு சொன்னேன். எல்லாரும் எண்ணினாங்க. எண்ணுறது காதுல கேக்குது. உங்க மச்சான் எண்ணல. நெசமாவே நிறுத்தினாரு, நெசமாவே திரும்பி வந்தாரு. அந்தப் பாட்டுல அந்த ரெண்டு எண்ணிக்கையத் தவிர எல்லாம் நான் எழுதினது. ஜனங்க எந்திரிச்சு நிக்கிறது அதுக்கு மட்டுந்தான்."

சண்டை போடப் போனவன் அவர் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அன்றே மச்சானிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டார். "ம்" என்றார். சரி, வேலைக்காகவில்லை என்று விட்டுவிட்டேன்.

மூன்று நாள் கழித்துப் போன் வந்தது. அவராகப் போன் செய்வதே அபூர்வம்.

"சுகு, எத்தன பேர வச்சுப் பார்த்தானாம்?"

"பதினோரு பேரு மச்சான்."

"ம்." வைத்துவிட்டார்.

அடுத்த நாள் மறுபடியும். "சிங்கப்பூர்க்காரனுக்குமா வரல?"

"அவருக்கும் வரலலா."

பிறகு, "கார்டு வந்திருச்சுன்னா எடுத்துக்கிட்டு வா. முதல் கார்டு தேனப்பனுக்கு" என்றார்.

எங்களில் கல்யாணத்துக்கு நெருங்கியவர்களை அழைக்கும்போது கார்டைத் தபாலில் போட மாட்டோம். தட்டில் வெற்றிலை, பாக்கு, குங்குமம், நடுவில் கார்டு வைத்து, புருஷனும் பெண்சாதியும் நேரில் போய் நின்று கொடுப்போம். அப்படித்தான் போனார்கள். அக்கா பட்டுப் புடவை, மச்சான் இஸ்திரி போட்ட, பூப்போட்ட பாத்தேக் சட்டை. நான் பின்னால் நின்றேன். தான் அடித்த கார்டைத் தேனப்பன் இரண்டு கையாலும் வாங்கி, முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார்.

"சீனி, நான் அன்னிக்குச் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

"ஏழு மணிக்கு விருந்து" என்றார் மச்சான். "கார்டுலயே போட்டிருக்கு. குடும்பத்தோட வந்திருங்க."

வெளியே வந்ததும் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுத்தெருவில், பட்டப்பகலில். என் அக்கா அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பாட்டைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கல்யாண விருந்துக்கு நானூறு பேருக்குக் குறையாது. வாசலில் சாந்தினி சிவப்புப் புடவையில் நின்றாள். பக்கத்தில் வேட்டி சட்டையில் மச்சான். தீபன் மேடையில் காத்திருந்தான். மெல்லிசாக ஒரு வீணை இசை போடுவதாக ஏற்பாடு. கதவு திறப்பதற்கு முன் மச்சான் என்னைக் கூப்பிட்டார்.

"சுகு, பாட்டுப் போடறவன்கிட்ட சொல்லு. பஸ்ஸையே விடட்டும்."

"அப்பா, வேணாம்ப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் சாந்தினி.

"நட" என்றார்.

எனக்கு மூட்டுவலி. ஆனாலும் அன்றைக்கு நான் ஓடிய ஓட்டத்தை ஒலிபெருக்கிக்காரர்தான் சொல்ல வேண்டும்.

தும்தும் என்று பேஸ் கித்தார் ஆரம்பித்ததும் மண்டபமே ஓ என்று எழுந்தது. மச்சான் தன் இடது கையை நீட்டி, மகள் அதன் மேல் கை வைக்க, அதன் மேல் தன் வலது கையை வைத்து மூடிக்கொண்டு நடந்தார். முகம் மட்டும் பல் டாக்டரிடம் போகிறவர் முகமாக இருந்தது. சாந்தினி அளந்து வைத்திருந்த நடை, அடி பிசகவில்லை. நடு மண்டபம். "போயிருச்சு" என்று குரல் இழுத்தது. நின்றது.

நான் அந்த நேரத்தில் தேனப்பனைத்தான் பார்த்தேன். மூன்றாவது மேஜையில் நின்றுகொண்டிருந்தார். அவர் உதடு ஒன்று, இரண்டு என்று அசைந்தது. மச்சானின் உதடு அசையவில்லை. அவருடைய வலது கை மட்டும் மகளின் கை மேலிருந்து தானாக எழுந்து நெஞ்சு உயரத்தில் விரிந்து நின்றது. மரத்திலிருந்து எடுத்த கை.

சுற்றிலும் நானூறு பேர் கையைத் தூக்கியபடி நின்றார்கள். நாற்பத்து நாலு வருஷமாக எல்லாக் கல்யாணத்திலும் நடந்ததை அவர் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை, காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவர் அன்றைக்குச் செய்ததையே செய்துகொண்டு, அவர் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தார்கள்.

அவர் கை சாந்தினியின் கைமேல் இறங்கியது. அதே நொடியில், இருபத்திரண்டு வயதுச் சீனியின் கையும் கம்பியின் மேல் விழுந்தது. தொம். ஒரு இம்மி முன்னால் இல்லை, ஒரு இம்மி பின்னால் இல்லை.

சாந்தினி அழுததில் கண்ணில் தீட்டிய மையெல்லாம் கரைந்து போனது. அக்கா அழுதாள். நான் அழவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். மேடைவரை மகளைக் கூட்டிப் போய்த் தீபனிடம் கொடுத்துவிட்டு, மச்சான் நேராகத் தேனப்பனின் மேஜைக்குப் போய் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, அதிகம் பேசிய மாதிரியும் இல்லை.

அன்று மச்சான் பிரியாணியைச் சூடாகச் சாப்பிட்டார்.